பார்சல் வேண்டாம், உட்கார்ந்தே சாப்பிடுகிறேன்

அலுவலக வேலையாக மதுரைக்கு வந்தால் பத்து மணிக்குள் வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகு கூட்ட அறைக்குள் சமோசாவும் காகிதக் கோப்பைக் காபியும் நுழைந்துவிடும். மாட்டுத்தாவணியில் இறங்கி, பெட்டியை அறையில் போட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் அண்ணா நகர் உழவர் சந்தைக்குக் கிளம்பினேன்.

1999 நவம்பர் 14இல் திறக்கப்பட்ட இதுதான் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகள்தான் இங்கே கடை போடலாம். அன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுவதால் வெளியூர்க்காரன் என்று யாரும் கூடுதலாகக் கேட்பதில்லை. அறையில் அடுப்பு இல்லாதவன் கத்தரிக்காய் வாங்கி என்ன செய்வது? வெள்ளரிப்பிஞ்சும் கொய்யாவும் நாட்டு வாழைப்பழமும் போதும். கொய்யா விற்ற அக்கா, காம்பில் இலை வாடாமல் ஒட்டியிருந்த பழங்களாகப் பொறுக்கித் தராசில் வைத்தார். "பை வச்சிருக்கீங்களா தம்பி?" என்றார். துணிப்பையை நீட்டினேன். பிளாஸ்டிக் பைக்கு மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் பக்கத்துக் கடையில் மெல்லிய கவர் ஒன்று கைமாறியதையும் பார்த்தேன்.

வெளியே சாலையோரம் கம்மங்கூழ் வண்டி. இந்த வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது பானையை அல்ல, சொம்பு கழுவும் தண்ணீரை. வாளி கலங்கியிருந்தால் நடையைக் கட்டிவிடுவேன். இங்கே குழாய் வைத்த டிரம் இருந்தது. "கெட்டியாவா, தண்ணியாவாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே அந்தத் தம்பி பானையிலிருந்து கூழ்க்கட்டி ஒன்றை எடுத்துச் சொம்பில் போட்டு, மோர் விட்டுக் கையாலேயே கரைத்தார். மேலே பொடியாக அரிந்த சின்ன வெங்காயம். தட்டில் மாங்காய்க் கீற்று, மோர் மிளகாய், சுண்டைவற்றல். இரவெல்லாம் புளித்த வாசம் சொம்பு வாய்க்கு வரும்போதே மூக்கில் ஏறியது. மோர் மிளகாயில் உப்பு அதிகம்; இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வெங்காயத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கம்பு மானாவாரிப் பயிர், மழையை நம்பியே விளைந்துவிடும். நெல்லுக்கு வயலில் தண்ணீர் கட்ட வேண்டும். அப்படித் தேங்கிய வயலிலிருந்து மீத்தேன் வாயுவும் கிளம்புகிறது. கம்பில் இரும்புச் சத்தும் நார்ச்சத்தும் அரிசியைவிட அதிகம். நட்சத்திர விடுதிகளில் 'சிறுதானிய மெனு' என்று அச்சடித்து விற்பதும் இதே தானியம்தான், விலைதான் வேறு.

கூழோடு விட்டிருக்கலாம். நாக்கு கேட்கவில்லை, ஒரு டிபன் கடைக்குள் நுழைந்தேன். இட்லி துணியில்தான் வெந்துகொண்டிருந்தது; ஆனால் சில்வர் தட்டின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து அதில் வைத்தார்கள். சூடான சாம்பார் பட்ட இடத்தில் தாள் சுருங்கி நெளிந்தது. "இது வேண்டாண்ணே, தட்டுலயே வச்சுருங்க" என்றேன். "தட்டு கழுவ ஆள் கிடைக்கலண்ணே" என்றபடி, சாப்பாட்டுக்காக நறுக்கி வைத்திருந்த வாழையிலையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துப் போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. தடைப் பட்டியலில் இந்தத் தாளும் இருக்கிறது, ஆனால் பாத்திரம் தேய்க்க வரும் ஆளின் கூலிக்கு ஒரு வழி பிறக்காமல் அது மேசையை விட்டுப் போகாது.

மதியம்தான் பெரிய சோதனை. கூட்டத்துக்கு வரும் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தால் சாம்பாருக்கு ஒரு பை, ரசத்துக்கு ஒன்று, கூட்டு, பொரியல், மோர் என்று சோற்றைவிடப் பையும் நூலும்தான் கூடுதலாக இருக்கும். அது ஆர்டர் ஆவதற்குள் ஏற்பாட்டாளரைப் போனில் பிடித்து, "எனக்குச் சொல்லாதீங்க சார், பக்கத்து மெஸ்ஸில இலை போட்டுச் சாப்பிட்டு வந்துடறேன்" என்றேன். இன்னும் இரண்டு பேர் கூடவே கிளம்பிவிட்டார்கள்.

பயணம் போகிறவர்கள் ஒரு துணிப்பையும் தண்ணீர் பாட்டிலும் சில்வர் டம்ளரும் எடுத்து வையுங்கள். கூட்டம் நடத்துகிறவர்கள் பார்சல் சொல்வதற்கு முன், நடக்கும் தூரத்தில் மெஸ் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். மதுரையில் இல்லாமல் போகாது.