நல்ல படம் ஒண்ணு சொல்லட்டுமா, ஸார்?

இலவசமாகக் கொடுத்தாலும் யாரும் நன்றி சொல்லாத சமாச்சாரங்கள் உலகத்தில் மூன்று. ஒன்று, சர்க்கரை வியாதிக்குக் கை வைத்தியம். இரண்டு, ஷேர் மார்க்கெட் யோசனை. மூன்று, 'இந்தப் படத்தைப் பாரேன்' என்கிற சிபாரிசு. முதலாவதில் எனக்கு அனுபவம் கிடையாது. இரண்டாவதை, பி.காம். படித்தவன் என்பதால் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். (எனக்கும் தெரியாது என்பது அவர்கள் செய்த புண்ணியம்.) மூன்றாவதில் அடியேன் நன்றாகவே அடி வாங்கியவன்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு ரூமில் நாலு பேர் குடியிருந்த காலம். பகலில் ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் டிக் அடிப்பேன். ராத்திரி லேப்டாப்பில் உலக சினிமா. ஒரு சனிக்கிழமை, "எப்பப் பார்த்தாலும் நீ மட்டும் பார்த்து சிரிக்கிறே, அழறே. எங்களுக்கும் ஒண்ணு போடேன்" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்டேன். தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்', 1979-ல் வந்த ரஷ்யப் படம். மகத்தான படம். அதில் மூன்று பேர் ஒரு டிராலியில் போவார்கள். போவார்கள். போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்கள் போய்ச் சேருவதற்குள் ஒருத்தன் தூங்கிவிட்டான். இன்னொருத்தன் பரோட்டா வாங்கக் கிளம்பிவிட்டான். மூன்றாமவன் மட்டும் கண் கொட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆஹா, ஒருத்தனாவது தேறினானே என்று பூரித்துப் போனேன்.

"சார்ஜ் எப்ப தீரும்னு பார்த்துட்டிருக்கேன், மச்சி" என்றான்.

அன்றிலிருந்து மேன்ஷனில் எனக்குப் பெயர் 'டிராலி'. மூன்றாவது மாடியிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கீழே டீக்கடைக்காரர்கூட என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

பல நாள் கழித்துத்தான் உறைத்தது. 'சும்மா படம் காட்டாதே' என்று நம்ம ஊரில் சொல்வார்களே, அதைத்தான் நான் செய்திருக்கிறேன். 'பார், நான் எப்பேர்ப்பட்ட படமெல்லாம் பார்க்கிறேன்!' அவ்வளவுதான். எதிரில் இருப்பவனுக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. மருந்துக் கடைக்காரர்கூட என்ன தொந்தரவு என்று கேட்டுவிட்டுத்தானே மாத்திரை கொடுக்கிறார்?

அதற்கப்புறம் ஆளைப் பார்த்துப் படம் சொல்ல ஆரம்பித்தேன். சேதாரம் குறைந்தது.

பரோட்டா நண்பனுக்கு சப்டைட்டில் என்றாலே தலைவலி. அவனுக்கு 'பேசும் படம்' போட்டேன். 1987-ல் சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்தது. கமல், அமலா. பெயர்தான் பேசும் படம். மருந்துக்கும் வசனம் கிடையாது. வேலையில்லாத பட்டதாரி ஒருவன், குடித்துவிட்டுத் தெருவில் கிடக்கும் பணக்காரரைக் கட்டிப் போட்டுவிட்டு, அவருடைய ஹோட்டல் அறையில் போய் சொகுசாக வாழப் பார்க்கிறான். ஆனால் மெத்தையில் தூக்கம் வரவில்லை! பழைய இடத்தில் ராத்திரி கேட்கும் சினிமா தியேட்டர் இரைச்சலை டேப்பில் பிடித்து வந்து, அதை ஓடவிட்டுத் தூங்குகிறான். மேன்ஷன்வாசிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? அன்றைக்கு வாங்கி வைத்த பரோட்டா ஆறிப் போனது.

க்ரைம் நாவல் பைத்தியம் ஒருவன். "பழைய படமா? பாட்டாப் பாடித் தள்ளுவாங்களே" என்பான். அவனுக்கு 'அந்த நாள்', 1954. டைரக்‌ஷன் வீணை எஸ். பாலசந்தர். வீணை வித்வான் எடுத்த படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை! ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் சாய்கிறார். யுத்த காலத்துச் சென்னை. சுட்டது யார்? ஒவ்வொருத்தர் சொல்லும்போதும் கதை ஒவ்வொரு தினுசாகத் திரும்புகிறது. விடையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். சொன்னால் பாவம்.

எங்கள் ஆபீஸில் ஒருவர் இருந்தார். மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டினால் அவரும் ஆட்டுவார். அவருக்கு '12 ஆங்ரி மென்'. 1957, சிட்னி லூமெட் இயக்கியது, 96 நிமிஷம். அநேகமாக முழுப் படமும் ஒரே அறையில். புழுக்கம், 12 ஜூரிகள், ஒரு கொலை வழக்கு. 11 பேர் 'பையன் குற்றவாளி' என்று கை தூக்க, ஒருத்தர் மட்டும் 'கொஞ்சம் பேசிப் பார்ப்போமே' என்கிறார். அவ்வளவுதான் சண்டை. இதைப் பார்த்த நம்மவர் அடுத்த மீட்டிங்கில் முதல் தடவையாகத் தனியாகக் கை தூக்கினார். (டீ எப்போ வரும் என்று கேட்கத்தான். இருந்தாலும் முன்னேற்றம்.)

மாசக் கடைசியில் கைமாத்துக்கு ஓடுகிறவர்களுக்கு 'ரன் லோலா ரன்'. 1998, ஜெர்மன் படம். 20 நிமிஷத்தில் காதலனுக்காக ஒரு லட்சம் மார்க் புரட்ட வேண்டும். ஓடுகிறாள். அதே ஓட்டம் மூன்று விதமாக, மூன்று முடிவோடு. சயின்ஸ் ஃபிக்‌ஷன் கேட்பவர்களுக்கு 'தி மேன் ஃப்ரம் எர்த்', 2007. ராக்கெட் கிடையாது, வேற்றுக் கிரகவாசி கிடையாது. ஒரு வீட்டுக் கூடத்தில் சில புரொபஸர்கள். அதில் ஒருவர் தனக்கு வயது 14,000 என்கிறார். மற்றவர்கள் மடக்கப் பார்க்கிறார்கள். பேச்சு மட்டும்தான். எழுந்திருக்க முடியாது.

கடைசி சிபாரிசு அப்பாவுக்குச் செய்தது. இது கொஞ்சம் வேறு மாதிரி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் 31 வருஷம் கிளார்க்காக இருந்து 2019-ல் ரிட்டயர் ஆனார். மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம். அதற்கப்புறம் பேச்சே குறைந்துவிட்டது. தினமும் ஆபீஸுக்குப் போகிற மாதிரி குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, பத்து மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவாராம். "நீ வந்து கொஞ்சம் பேசிப் பாரேன்டா" என்றாள் அம்மா, போனில். எங்கள் வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்கிற வழக்கம் கிடையாது. அதனால் படத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

குரோசாவாவின் 'இகிரு', 1952. இகிரு என்றால் ஜப்பானிய மொழியில் வாழ்வது என்று அர்த்தம். வாடானபே என்று ஒரு செக்‌ஷன் தலைவர். முப்பது வருஷமாக ஃபைலில் முத்திரை குத்துவதுதான் வேலை. வயிற்றில் புற்றுநோய், இன்னும் சில மாதம்தான் என்று தெரிகிறது. மிச்ச நாளை என்ன செய்கிறார் என்பது கதை.

சப்டைட்டில் ஓடும் வேகத்துக்கு அப்பாவால் படிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் தோளோடு தோள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. 'அலுவலக வேலையைச் சீர்படுத்துவது எப்படி' என்ற பழைய யோசனைக் கட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வாடானபே முத்திரையைத் துடைக்கிறார். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். இன்னொரு இடத்தில், சாக்கடைத் தொல்லையைத் தீர்க்கச் சொல்லி மனுவோடு வந்த பெண்களை செக்‌ஷன் செக்‌ஷனாக விரட்டுகிறார்கள். சுற்றிச் சுற்றிக் கடைசியில் புறப்பட்ட ஜன்னலுக்கே வந்து நிற்கிறார்கள். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

வாடானபே இறந்த பிறகும் படம் முக்கால் மணி நேரம் ஓடுகிறது. துக்க வீட்டில் சக ஊழியர்கள் குடித்துவிட்டு அழுகிறார்கள். இனி நாமும் அவரைப் போல உழைப்போம் என்று சபதம் எடுக்கிறார்கள். அடுத்த நாள் ஆபீஸில் எல்லாம் பழையபடி.

படம் முடிந்தது. "சபதம் எடுத்தவங்க மறுநாளே மாறிட்டாங்க பாரு, அதான்டா நிஜம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"நானும் அடுத்த ஜன்னலுக்குப் போங்கன்னு சொன்னவன்தான். ஒரு கிழவி. ஓ.ஏ.பி. மனு. ஆறு மாசம் நடந்துச்சு. அப்புறம் வரலை. ஏன் வரலைன்னு நான் விசாரிக்கலை."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எழுந்து போய் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

பத்து நாள் கழித்து அம்மா போன் செய்தாள். தெருமுனையில் இஸ்திரி போடும் பாட்டிக்கு அப்பா ஓ.ஏ.பி. மனு எழுதிக் கொடுத்தாராம். அது ஏதோ குறை சொல்லித் திரும்பி வந்துவிட்டதாம். "எந்த ஜன்னல்ல நிக்கணும்னு எனக்குத் தெரியும்" என்று, பத்து மணிக்கு மாட்டிய சட்டையோடு அப்பாவே கிளம்பிப் போனாராம். நாலு மாசம் அலைந்தார். பணம் வந்தது. படத்தால்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

போன வாரம் அவரே போனில் கூப்பிட்டார். எங்கள் வீட்டு வழக்கப்படி இது ஒரு பெரிய செய்தி. "அடுத்த தடவை வரும்போது இன்னொரு படம் எடுத்துட்டு வாடா" என்றார். சரி என்று சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"அந்த டிராலிப் படம் மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க!"