தறியும் தாளும்

திருத்தப்படாத விடைத்தாள், மறுமொழி எழுதப்படாத கடிதத்தை ஒக்கும் என்று, யாம் இக்கல்லூரித் தமிழ்த்துறையில் பயின்ற நாளில் எம் பேராசிரியர் ஒருவர் அடிக்கடி கூறுவார். அதன் பொருள் எமக்கு முழுமையாக விளங்கியது பல்லாண்டுகள் கழிந்து, சென்னிமலையில்தான்.

கொடிகாத்த குமரன் 1904ஆம் ஆண்டு பிறந்த ஊர் அது. குன்றின்மேல் முருகன் கோயில். அடிவாரத் தெருக்களில் தறியோசை. அங்கு நெய்யப்படும் போர்வைகளும் படுக்கை விரிப்புகளும் தொலைவான ஊர்களுக்கெல்லாம் செல்கின்றன. அவ்வூர்ப் பள்ளியொன்றில் யாம் தமிழாசிரியராகப் பணியாற்றி வருகிறோம்.

கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற 2010ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. யாமோ அதன்பின்னும் நெடுநாள் பழைய எழுத்துருவிலேயே வினாத்தாள் தட்டச்சு செய்து வந்தோம். பள்ளிக்குத் திறன்பலகை வந்த அன்று, யாம் ஆயத்தம் செய்த நன்னூற் பாடம் அதில் உருத்தெரியாக் குறிகளாய்த் தோன்றியது. மாணாக்கர் சிரித்தனர்; யாமும் உடன் சிரித்தோம். ஆனால் உள்ளம் நாணிற்று.

அன்றிரவே தமிழ் 99 விசைப்பலகையைக் கற்கத் தொடங்கினோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயன் அது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகளால் 247 எழுத்தும் பிறக்கின்றன. மெய்க்குரிய விசையைத் தட்டினால் அகரம் ஏறிய எழுத்தே வருகிறது. ஙகரத்தை அடுத்துக் ககரத்தைத் தட்டினால், முன்னதற்குப் புள்ளி தானே அமைகிறது. மெல்லினத்தை அதன் இன வல்லினம் தொடரும் என்று கரும்பலகையில் யாம் எழுதிக் காட்டியது, விரல் நுனியில் நிகழக் கண்டோம். அம்மகிழ்ச்சியில் இரவுகள் பல கழிந்தன.

மேசையின் மறுபுறத்தில் அரையாண்டுத் தேர்வின் 90 விடைத்தாள்கள் கிடந்தன. ஒரு மதிப்பெண் வினாக்களை மட்டும் திருத்திவிட்டுக் கட்டுரைகளைப் பின்னர்ப் பார்ப்போம் என ஒதுக்கினோம். பொங்கலும் கழிந்தது. சனவரித் திங்களின் இறுதியில் அக்கட்டைப் பிரித்தோம். ‘எங்கள் ஊர்’ என்னும் கட்டுரையில், பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் தறியைப் பற்றி அழகுற எழுதியிருந்தான். இறுதி வரி இது: “இதுவே எனது கடைசித் தேர்வு. பொங்கலுக்குப் பின் தறிக்குழியில் இறங்கிவிடுவேன்.”

பத்து நாளாக அவன் வரவில்லை. காய்ச்சல் போலும் என்று எண்ணி, வருகைப்பதிவேட்டில் குறியிட்டதோடு யாம் அமைந்திருந்தோம்.

அன்று மாலையே அவன் வீட்டிற்குச் சென்றோம். “வாங்க வாத்தியாருங்களே, உக்காருங்க” என்று தந்தையார் பாய் விரித்தார். “நான் நிறுத்தலீங்க. அவனாத்தானுங்க நின்னுக்கிட்டான். நீங்க சொல்லிப்போட்டாக் கேப்பானுங்க” என்றார். தறியில் அமர்ந்திருந்தவன் எழுந்து நின்றான்.

“தாளத் திருத்திட்டீங்களாங் சார்?”

“இன்றுதான் படித்தேன், தம்பி.”

“தறியில போட்ட இழை அப்பவே கண்ணுக்குத் தெரியுதுங் சார். எழுதுனது என்னாச்சுன்னுதான் தெரியறதில்லீங்க.”

அச்சொல்லில் சினம் இல்லை. அதனாலேயே அது தைத்தது. காலந்தாழ்த்தியது எம் பிழை என்று அவன் தந்தையார் முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டோம். கொண்டு சென்ற தாளை அவனிடம் கொடுத்து, அங்கேயே அமர்ந்து வரிவரியாகப் படித்தோம். காலையும் மாலையும் தறி, பகலில் பள்ளி என்று முடிவாயிற்று. அடுத்த திங்கட்கிழமை அவன் வகுப்பிற்கு வந்தான்.

அவன் வீட்டுத் தறியில் ஜக்கார்டுப் பெட்டி பூட்டியிருந்தது. அதன் அட்டைகளில் துளை உள்ள இடத்திற்குரிய பாவிழை உயரும், துளையில்லா இடத்திற்குரியது உயராது. அவ்வாறே பூவேலை உருவாகிறது என்று அவன் வகுப்பில் விளக்கினான். பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு 1804இல் அத்தறியை அமைத்தார். இங்கிலாந்தின் பாபேஜ் அத்துளையட்டைகளைத் தம் கணிப்பொறித் திட்டத்திற்கு எடுத்துக்கொண்டார். 1890ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கு துளையட்டைகளைக் கொண்டே எண்ணப்பட்டது. இவற்றைத் திறன்பலகையில் யாம் காட்டினோம். எம்மை அச்சுறுத்திய கணினியின் மூதாதை, எம் மாணவனின் வீட்டில் நெடுநாளாக ஓடிக்கொண்டிருந்தது!

இப்போது எமக்கு ஒரு நெறி உண்டு. மாலையில் முதற்கண் பத்துத் தாள், அதன்பின்னரே கணினி. கருவியைக் கற்பது ஆசிரியருக்குக் கடமையே, ஐயமில்லை. ஆயினும் கருவி காத்திருக்கும். எழுதிய பிள்ளை காத்திராது. ஆசிரியராகும் விருப்பமுடைய இளையோர் இதனை எம் பிழையிலிருந்தே அறிந்துகொள்ளட்டும். தம் பிழையால் அறிய நேர வேண்டா.