ஒரு நொடியும் ஒரு சட்டையும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்கு என்.எஃப்.எல். அணி கிடையாது. அலபாமா, ஆபர்ன் என்ற இரண்டு பல்கலைக்கழக அணிகள்தான் எல்லாம். (கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் அங்கே கால்பந்து!) பக்கத்து மேசைக்காரர்கள் இருவர் பந்தயம் கட்டினால், தோற்றவர் திங்கட்கிழமை ஜெயித்த அணியின் சட்டையில் ஆபீஸ் வரவேண்டும். காசு என்றால் கொடுத்துவிட்டு மறந்துவிடலாம். இது சாயங்காலம் வரை உடம்பிலேயே இருக்குமே!

2013 நவம்பர் 30. ஸ்கோர் 28-28, நேரம் முடிந்தது. அலபாமா கோச் நிக் சேபன் விடவில்லை, வாதாடி ஒரு நொடியைத் திரும்ப வாங்கினார். 57 கஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பத்தை எட்டவில்லை. கீழே காத்திருந்த ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து, மைதானத்தின் மறுகோடி வரை ஓடியே விட்டார். 34-28!

அந்தத் திங்கட்கிழமை ஆபர்னின் ஆரஞ்சும் நீலமும் மாட்டிக்கொண்டு வந்த அலபாமா ரசிகர்களிடம், பக்கத்து மேசைக்காரர் சும்மா இருந்திருப்பாரா? "சார், ஒரு நொடி கிடைக்குமா?"