பால் வெள்ளை

ஏனாத்தூருக்கும் வேட்டை நாய்க்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. எங்கள் பக்கத்தில் தறி உண்டு, ஏரி உண்டு, சர்வகலாசாலை கூட ஒன்று உண்டு. வேட்டை என்றால், தை மாதத்தில் வரதராஜப் பெருமாள் பழைய சீவரத்துக்கு எழுந்தருளும் பார்வேட்டை உற்சவந்தான் எங்களுக்கு நினைவு வரும். அந்த வேட்டையில் எந்தப் பிராணிக்கும் ஆபத்து கிடையாது.

இப்படி நிம்மதியாக இருந்த ஊருக்கு, தெற்கே சில வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பிய என் மைத்துனன் இரண்டு ராஜபாளையம் நாய்களைக் கொண்டுவந்து சேர்த்தான். அன்று முதல் ஜில்லாவில் எங்கே நாய்க் கண்காட்சி நடந்தாலும் அவன் அங்கே ஆஜர். பட்டம் வாங்கிய உபாத்தியாயர் என்ற ஒரே காரணத்தால், விண்ணப்பத் தாள்களைப் பூர்த்தி செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. போகிற வழியெல்லாம் அவன் பிரசங்கம் வேறு. "மாமா, நம்ம ஊர் நாயை நாமே மதிக்கலேன்னா வேற யார் மதிப்பா?" என்பான். அதற்கு என்ன பதில் சொல்வது?

அவன் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. கண்காட்சி மைதானத்தில் லாப்ரடாரையும் பக்கையும் சுற்றி ஜனங்கள் திருவிழாக் கூட்டமாய் நிற்பார்கள். சுதேசி நாய்கள் நிற்கும் மூலையிலோ நாயின் சொந்தக்காரரும் அவருடைய மைத்துனர்களும் மட்டுமே நிற்பார்கள். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்ற பெயர்களைச் சொன்னால், பட்டணத்துப் பிள்ளைகள் ஏதோ பலகாரத்தின் பெயர் என்று நினைக்கிறார்கள். ஊர்ப் பெயரையே இனப் பெயராகக் கொண்ட நாய்கள் நமக்கு உண்டு என்பதை 2005-ல் ராஜபாளையத்துக்குத் தபால் தலை வெளியிட்டுத் தபால் இலாகா நினைவூட்டியது. 2020 ஆகஸ்டில் பிரதம மந்திரி தமது ரேடியோப் பேச்சில் இந்தப் பெயர்களைச் சொன்ன பிறகுதான், எங்கள் தெருவிலேயே சிலர் மைத்துனன் வீட்டு வாசலில் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

நாய்க் கண்காட்சி என்பது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த சங்கதி. 1859-ல் இங்கிலாந்தில் நியூகாஸில் என்ற ஊரில் நடந்ததைத்தான் முதல் கண்காட்சி என்று சொல்லுகிறார்கள். பாயிண்டர், செட்டர் என்ற இரண்டு ஜாதி நாய்களுக்கு மட்டுமே அங்கே அனுமதி. இரண்டும் துப்பாக்கிக்காரனுக்கு ஒத்தாசை செய்பவை. பறவை பதுங்கியிருக்கும் இடத்தை மோப்பம் பிடித்து அசையாமல் நின்று காட்டிக் கொடுக்கும். சுடுவது எஜமானன் வேலை. ஆகவே பரிசும் துப்பாக்கியாகவே இருந்தது. பரிசை யார் வாங்கினார்கள் தெரியுமோ? ஒரு பிரிவுக்குத் தீர்ப்புச் சொன்னவருடைய நாய் அடுத்த பிரிவில் ஜெயித்தது. அந்தப் பிரிவுக்குத் தீர்ப்புச் சொன்னவருடைய நாய் இந்தப் பிரிவில் ஜெயித்தது! நம் ஊர் நவராத்திரிக் கோலப் போட்டியில் கூட இவ்வளவு துணிச்சல் கிடையாது.

நம் தென்னாட்டு நாய்க்குத் துப்பாக்கி தேவையில்லை. சிப்பிப்பாறை முயலைக் கண்ணால் கண்டு, ஓடியே பிடிக்கும். ராஜபாளையம் காட்டுப் பன்றியை எதிர்த்து நிற்கும். ஆனால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தொழில் போயிற்று. போனது நல்லதுதான், முயலும் பன்றியும் என் அபிப்பிராயத்தை ஆமோதிக்கும். இருந்தாலும் ஒரு சங்கடம் நேர்ந்துவிட்டது. முன்பெல்லாம் நாயின் யோக்யதையைக் காடு பரீட்சை செய்தது. காது மந்தமான நாய் பன்றியின் முன்னால் நெடுநாள் தங்காது. இப்போது பரீட்சை செய்வது மனிதனுடைய கண் ஒன்றே. அந்தக் கண்ணுக்கு வேண்டியது பால் வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும்.

சென்ற மார்கழியில் ஒரு கண்காட்சியில் பார்த்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு அடுத்த கொட்டகையில் ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு வெண்மையை நான் மல்லிகைச் சரத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதன் பின்னால் யாரோ இரும்பு நாற்காலிகளை அடுக்கும்போது நாலைந்து சரிந்து விழுந்தன. மைதானத்து நாய்களெல்லாம் குலைத்தன. அந்தக் குட்டி மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. "ரொம்ப சாது சார்! எத்தனை சத்தம் போட்டாலும் அசையாது" என்றார் சொந்தக்காரர், பெருமையோடு. நல்ல விலை கொடுத்து வாங்கினாராம். என் மைத்துனன் குட்டியின் தலைக்குப் பின்னால் சாவிக் கொத்தை மெதுவாக ஆட்டிப் பார்த்தான். பிறகு அந்த மனிதரின் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துவிட்டான்.

தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே அணுக்கள் காதின் உள்பகுதிக்கும் வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால், ஒலியை வாங்கும் நுண்ணிய மயிரணுக்கள் பிறந்த சில வாரங்களுக்குள் செத்துப்போகின்றன. டால்மேஷியன் என்ற புள்ளி நாயை அமெரிக்காவில் சோதித்தபோது, ஏறக்குறைய பத்துக்கு மூன்றில் ஒரு காதோ இரு காதுகளோ கேட்கவில்லை. பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும் குட்டிகளுக்கு இந்தக் குறை வருவது குறைவு. கண்காட்சி விதியோ அந்தத் திட்டைத்தான் குற்றம் என்று தள்ளுகிறது! ராஜபாளையத்திலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயந்தான். ஒரு காது மட்டும் கேளாத குட்டியைக் கைதட்டிக் கண்டுபிடிக்க முடியாது. காதருகே ஒலியெழுப்பி, மூளையின் மின் அசைவைக் கருவியால் அளந்தால்தான் தெரியும்.

இதை அடுத்த வீட்டுத் தறிக்காரரிடம் சொன்னேன். தலைமுறை தலைமுறையாகக் கோர்வைப் புடவை நெய்கிற குடும்பம். "நூல் வெள்ளையா இருந்தா பட்டாயிடுமா சார்? ஒரு இழையைக் கொளுத்தி மோந்து பார்க்க வேண்டாமா?" என்றார்.

கண்காட்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த மைதானமும் இல்லாவிட்டால் இந்த நாய்களை யார் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்? சென்னையிலிருந்து நடக்கும் இந்தியக் கென்னல் கிளப் 1896-லேயே தோன்றியது. வம்சாவளி எழுதி வைக்கும் பழக்கம் நமக்கு அதனால் வந்த லாபம். ஆனால் வம்சாவளியில் தாத்தா வாங்கிய கோப்பையை எழுதுகிறவர்கள் பேரனுக்குக் காது கேட்குமா என்பதையும் எழுதலாம் அல்லவா? நடுவர் பல்லைப் பார்க்கிறார், நடையைப் பார்க்கிறார். காதை மடக்கிப் பார்க்கிறார், அதைக் கூப்பிட்டுத்தான் பார்ப்பதில்லை.

இந்தப் பங்குனியில் எங்கள் பெண் நாய் ஐந்து குட்டி போட்டது. நான்கு சுத்த வெள்ளை. ஐந்தாவதின் இடது காதில் பழுப்புத் திட்டு, வறுத்த காப்பிக் கொட்டை நிறத்தில். நாயைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் வந்து பார்த்து, அதை வெளியே காட்டாமல் யாருக்காவது கொடுத்துவிடும்படி யோசனை சொன்னார். இருந்தால் மற்றக் குட்டிகளின் விலை கெட்டுவிடுமாம். மைத்துனன் காப்பி கொடுத்து அவரை அனுப்பினான். அந்தக் குட்டியோ, தெருக்கோடியில் பால்காரர் சைக்கிளை நிறுத்தும் சத்தத்துக்கே எழுந்து உட்காருகிறது.

அடுத்த கண்காட்சிக்கு அதைத்தான் அழைத்துப் போகப் போகிறானாம். "பரிசு வராதே?" என்றேன். "வராது மாமா. நடுவர் ஏன்னு கேட்பார் இல்லையா, அப்போ சொல்றேன்" என்றான். நேற்று ராத்திரி விண்ணப்பத் தாளை என் முன்னால் வைத்தான். நிறம் என்ற இடத்தில், 'வெள்ளை. இடது காதில் பழுப்பு' என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன்.