ஆட்டமும் அவமானமும்

“பெண்ணின் தாய்மாமன் என்ன தொழில் பார்க்கிறார்?” என்று கேட்டார் மணமகனின் தந்தை. முறையான கேள்விதான். விடை கூற நான் வாயெடுக்குமுன், எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டார்: “ராசபாளையத்திலே மில்லில் ஃபிட்டர். வீட்டுக்கு வந்துவிட்டால் கைபேசியிலே கட்டை அடுக்குவார்!”

கூடமெங்கும் சிரிப்பொலி. மணமகன் வீட்டாரும் சிரித்தனர். எம் வீட்டாரும் சிரித்தனர். என் தமக்கை மட்டும் தரையைப் பார்த்தாள். எனக்கு வயது 49. இருபத்தேழு ஆண்டுகள் இயந்திரங்களோடு மல்லாடி, பிள்ளைகள் இருவரைப் படிக்க வைத்து, கடன்காரன் எவனும் கதவைத் தட்டாமல் வாழ்ந்து வருகிறவன். அத்தனையும் அந்த ஒரு சொல்லிலே கரைந்தது. கட்டை அடுக்குகிறவன்!

கான்சாபுரத்திலே நடந்தது அந்த நிச்சயதார்த்தம். அதே நேரத்தில், அதே வீட்டின் பின்புறம், வேப்பமரத்தடியிலே பாய் விரித்து ஆறு பேர் சீட்டாடிக் கொண்டிருந்தனர். நடுவிலே நூறு ரூபாய்த் தாள்கள். அவர்களுக்குக் காப்பி போயிற்று, வடை போயிற்று, விசிறியும் போயிற்று. ஏளனம் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைத்தான், நண்பர்களே, உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஆம், ஆடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர்த் திருவிழாக் கடையிலே, என் மகனுக்கென்று வாங்கிய சிறு கருவியிலே தொடங்கியது இது. மேலிருந்து கட்டைகள் விழும். திருப்பி, நகர்த்தி, இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்ததும் அது மறையும். பையன் இரண்டே நாளில் அதை மறந்தான். நான் மறக்கவில்லை. கருவி பழுதாகிக் கைபேசி வந்தது. கட்டைகள் மட்டும் அன்று போலவே இன்றும் விழுந்து கொண்டிருக்கின்றன.

எட்டு மணி நேரம் ரிங் ஃபிரேம்களுக்கு நடுவே நின்றவனுக்குத் தெரியும், ஷிப்ட் முடிந்த பிறகும் அந்த இரைச்சல் காதுக்குள்ளே ஓடிக்கொண்டிருப்பது. ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு என்று பேருந்திலே குலுங்கி ஊர் வந்து சேர்ந்தாலும் ஓயாது. அரை மணி நேரம் கட்டை அடுக்கினால் ஓய்கிறது. என்னோடு வேலை செய்வோரில் சிலர் அதை ஓய வைக்க எந்தக் கடைக்குப் போகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அவர்களை எவரும் குழந்தை என்று கேலி பேசுவதில்லை. ‘பாவம், உழைத்த உடம்பு’ என்கிறார்கள்!

குழந்தைகளின் பொருளாம் இது! ஆக்கியவர் யார், குழந்தைகளா? என் கட்டை விளையாட்டை 1984-இல் மாஸ்கோவிலே, சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பொறி மையத்தில் அமர்ந்து அமைத்தவர் அலெக்சி பாஜித்னோவ். அப்போது அவருக்கு வயது 29. டெட்ரிஸ் என்று உலகம் அதை அழைக்கிறது. அதற்கும் முன்னே, 1958-இல், அமெரிக்காவின் புரூக்கேவன் ஆய்வுக்கூடத்திலே, பார்வையாளர் நாளன்று மக்கள் சலிப்படையக் கூடாதே என்று, மின்னலை காட்டும் கருவியின் சிறு திரையிலே பந்தாட்டம் ஒன்றை அமைத்தார் வில்லியம் இகின்போதம் என்ற இயற்பியலாளர். ஐம்பதை நெருங்கிய மனிதர். முதல் அணுகுண்டைச் செய்த கூட்டத்திலே மின்னணுப் பிரிவைக் கவனித்தவர். பிறகு அந்தக் குண்டு பரவக் கூடாதென்று வாழ்நாளெல்லாம் பாடுபட்டவர். அந்தச் சிறு திரையின் முன்னே வரிசையிலே காத்து நின்றவர்களில் வளர்ந்தவர்களும் இருந்தார்கள். குண்டு செய்தபோது அவரை எவரும் சிறுபிள்ளை என்று சொல்லியிருக்க மாட்டார்கள்; பந்து செய்தபோது சிலர் சொல்லியிருக்கக்கூடும்!

நம் ஊர்ப் பக்கம் வருவோம். வைகுண்ட ஏகாதசி இரவு. கண் விழிப்பதற்காகப் பரமபதப் படத்தை விரித்துத் தாயக்கட்டை உருட்டுவார்கள். ஆண்டாள் ஊரை அடுத்து வாழும் எங்களுக்கு இது புதிதல்ல. அறுபது வயதுப் பெரியவர் பாம்பின் வாயிலே சிக்கி ‘ஐயோ’ என்று அலறுவார், அது பக்தி! நான் கட்டை சரிந்து ‘அடடா’ என்றால் பைத்தியம்! 2003 சனவரியிலே தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டு விற்பனையைத் தடை செய்யும் வரையில், தேநீர்க் கடை வாயிலிலே நின்று எண்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் எத்தனை குடும்பத் தலைவர்கள்! அவர்களுக்குப் ‘பொறுப்பில்லாதவன்’ என்ற பட்டம் கிடைத்ததுண்டு. ‘பொம்மை ஆடுகிறவன்’ என்ற பட்டம் கிடைத்ததில்லை. குதிரைப் பந்தயமோ, அதற்குத் திறமை வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றமே உரைத்துவிட்ட உயர்குடி ஆட்டம். சதுரங்கத்துக்கு 2022-இல் மாமல்லபுரத்திலே உலகமே வந்தது. 2024-இல் நம் குகேசு பதினெட்டு வயதிலே உலக வாகையர் ஆனார். மார் தட்டிக் கொண்டோம், தட்ட வேண்டியதுதான். ஆட்டத்தால் புண்ணியம் கிடைத்தால் மதிப்பு. பணம் கிடைத்தால் மதிப்பு. பதக்கம் கிடைத்தால் பெருமதிப்பு. மகிழ்ச்சி மட்டும் கிடைக்குமானால் இழிவு. இதுதான் நம் கணக்கு.

இந்த இழிவு என்னிடம் வந்து சேர்ந்தது இப்போதுதான். என் வீட்டுக்கு அது பழையது. என் தந்தை இறந்தபோது அம்மாவுக்கு வயது 28, எனக்கு 6. பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டு வந்த பொருள்களிலே பலா மரத்தில் செய்த பல்லாங்குழிப் பலகை ஒன்று. துக்கம் முடிந்து பல மாதங்கள் சென்ற பின், ஒருநாள் மாலை அண்டை வீட்டுப் பெண்ணோடு திண்ணையிலே அமர்ந்து ஆடியிருக்கிறாள். தெருவழியே போன உறவினர் ஒருவர் நின்றார். “தாலி அறுத்தவளுக்குப் பல்லாங்குழி ஒரு கேடா?” என்றார், போய்விட்டார். அவ்வளவுதான். பலகை பரண் ஏறிற்று.

ஆனால் இரவிலே, நான் தூங்கிவிட்டேன் என்று எண்ணிய பின்னர், அதை இறக்குவாள். விளக்கைத் தணித்துவிட்டு, புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகக் குழியிலே இடுவாள். எதிரே ஆள் கிடையாது. இரண்டு பக்கமும் அவளே. அந்தச் சிறு ஓசையை எலி என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பத்து வயதில் ஓரிரவு விழித்துப் பார்த்தேன். பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. தன் வீட்டிலே, தன் பலகையிலே, புளியங்கொட்டையை நகர்த்துவதற்கு ஒரு பெண் திருடியைப்போல் இருட்டைத் தேட வேண்டியிருந்தது!

ஒளித்து வைக்கும் இந்தப் பழக்கம் எத்தகைய கேட்டுக்கு இடம் கொடுக்கும் என்பதை என் மைத்துனன் கதையால் அறிந்தேன். அவன் சத்திரப்பட்டியிலே, மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறியிலே வேலை பார்த்தவன். 2020-இல் ஊரடங்கு வந்தது, தறி நின்றது, கையிலே கைபேசி இருந்தது. பணம் வைத்து ஆடும் ரம்மியிலே இறங்கினான். முதலிலே சில நூறு வந்ததாம். வந்த பணம் போகும் வழி காட்டுவதற்காகவே வருவது அல்லவா? ஓராண்டுக்குள்ளே சேமிப்பு, மனைவியின் சங்கிலி, வட்டிக்கு வாங்கியது என்று மூன்று இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய் போய்விட்டது.

அவன் மனைவி கேட்டிருக்கிறாள்: “எந்நேரமும் அதிலே என்ன பார்க்கிறீர்கள்?” அவன் சொன்ன விடை என்ன தெரியுமா? “மச்சான் ஆடுகிறாரே, அந்தக் கட்டை விளையாட்டுதான்.”

அவள் தலையிலே அடித்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு இரண்டும் ஒன்று. ஊருக்கும் இரண்டும் ஒன்று. நானுங்கூட யோக்கியனல்ல. அடுத்து வந்த பொங்கலன்று, மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னே அவன் கைபேசியும் கையுமாக ஒதுங்கி நிற்பதைப் பார்த்தேன். நம்மைப் போல் ஊராரின் நகைப்புக்கு அஞ்சி ஒளிந்து ஆடுகிறான் என்று எண்ணி, கூட்டாளிபோலச் சிரித்துவிட்டு வந்தேன். “என்ன மாப்பிள்ளை, என்ன ஆட்டம்?” என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் முகம் வெளுத்திருந்ததை, எல்லாம் முடிந்த பிறகுதான் நினைவுபடுத்திக்கொண்டேன். ஒரு விடியற்காலையில் அவனைக் கண்மாய்க் கரையிலிருந்து அழைத்து வந்தோம். அதற்குமேல் அதைப்பற்றி எழுத மாட்டேன்.

உயிரோடு வந்தான், அதுவே போதும். ஆனால் பிறகு கூடிய குடும்பக் கூட்டத்தின் தீர்ப்பைக் கேளுங்கள். “விளையாட்டு குடியைக் கெடுத்தது. மச்சானைப் பார்த்துத்தானே பழகினான்!” வட்டிக்குக் கொடுத்தவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. பணம் பறித்த ஆட்டத்தின் பெயரைக்கூட எவரும் கேட்கவில்லை. மரத்தடியிலே சீட்டாடிய அறுவரில் மூவர் அந்தக் கூட்டத்திலே இருந்தனர். அவர்களே பெரிதும் வருந்தினர்!

சட்டம் செய்தவர்கள் இந்த வேறுபாட்டைத் தட்டுத் தடுமாறியாவது கண்டுபிடித்தார்கள். தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டிலே செல்லாது என்றது. பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டோர் செய்தி தொடர்ந்து வந்தது. 2022-இல் நீதிபதி சந்துரு தலைமையிலே குழு அமைந்தது. சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை ஆளுநர் திருப்பி அனுப்ப, மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலிலே ஒப்புதல் பெற்றது. அந்த ஆண்டு நவம்பரிலே உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலிலிருந்து நீக்கிற்று. நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை பணம் வைத்து ஆடக்கூடாது என்ற விதி 2025-இல் வந்தது. சூன் மாதத்திலே உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டிலே நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பணயமில்லாத ஆட்டத்தையும் போட்டி விளையாட்டையும் அச்சட்டம் தனியே பிரித்து வைத்தது. டெல்லியிலே பிரித்தார்கள், எங்கள் தெருவிலே இன்னும் பிரிக்கவில்லை.

பணமே இல்லாத ஆட்டமும் ஒருவனை விழுங்கக் கூடும். மறுக்கவில்லை. கட்டுப்பாடு இழந்து, உண்ணாமல், உறங்காமல், கேடு வந்தும் விடமுடியாமல், ஓராண்டு அளவுக்கு ஆடிக் கிடப்பதை நோய் என்று உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலிலே சேர்த்தது. 2022 முதல் அது நடப்புக்கு வந்தது. நோய் என்றால் மருத்துவரிடம் போகலாம், போகச் சொல்லலாம். இழிவு என்றாலோ பரணும் தொழுவமுந்தான் கதி.

சென்ற ஆண்டு என் மகள், கல்லூரி விடுமுறைக்குத் தன் கணிப்பொறியோடு வந்தாள். “அப்பா, இதை ஆடிப் பாருங்கள்” என்றாள். ‘வெண்பா’ என்று பெயர். கனடாவின் டொராண்டோ நகரிலே விசை கேம்ஸ் என்ற குழு செய்து 2023-இல் வெளியிட்ட விளையாட்டு. மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதிலே, முதல் படைப்புக்குரிய பரிசைப் பெற்றது. 1980-களிலே கனடாவுக்குக் குடியேறிய தமிழ்ப் பெண் வெண்பா, அவள் கணவன், தமிழ் பேசத் தயங்கும் மகன். தாயின் சமையல் ஏட்டிலே அழிந்துபோன வரிகளை நாமே கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். சுடுவதில்லை, வெட்டுவதில்லை, இட்லி அவிக்கிறோம்!

அம்மா எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. “தட்டை அப்படியா அடுக்குவார்கள்? ஆவி எப்படி மேலே போகும்?” என்றாள். நான் மாற்றி அடுக்கினேன். இட்லி வெந்தது. அவள் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அந்த மகன் தாய்க்கு ஆங்கிலத்திலே விடை சொல்லும் கட்டம் வந்ததும் மூக்கை உறிஞ்சினாள். 71 வயது அவளுக்கு. ஆட்டம் முடியும் மட்டும் அங்கிருந்து நகரவில்லை.

மறுநாள் பரணிலே ஏறச் சொன்னாள். பலகையின் ஓரம் சற்றே செல்லரித்திருந்தது. குழிகள் நன்றாகவே இருந்தன. துடைத்துக் கொடுத்தேன். மைத்துனன் அன்று வீட்டுக்கு வந்திருந்தான். கடனிலே பாதியை அடைத்திருக்கிறான். மீண்டும் தறிக்குப் போகிறான். கைபேசியைக் கண்டால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அம்மா அவனைக் கூப்பிட்டாள். திண்ணையிலே, மாலை வெயிலிலே, தெருவைப் பார்த்தபடி அமர்ந்துகொண்டு, எதிரே அவனை உட்கார வைத்தாள்.

நிச்சயதார்த்தத்தன்று என்னை அறிமுகம் செய்து வைத்தாரே, அந்தப் பெரியவர் அவ்வழியே வந்தார், நின்றார். அம்மா நிமிரவில்லை. புளியங்கொட்டைகளை எண்ணி இட்டுக்கொண்டிருந்தாள். ஒரு குழியிலே நான்கு சேர்ந்தது. மைத்துனன் கையை நீட்டினான்.

“தம்பி, அது பசு. என் பக்கத்துக் குழி. கையை எடுங்கள்” என்றாள்.