ஒரே நரம்பில் இரு மருந்துகள்

வெளியூர்களில் வாழும் நம் குடும்பங்களில் ஒருவர் மருத்துவமனையில் படுத்தால், மற்றொருவர் கட்டிலருகே அமர்ந்து பாட்டிலிலிருந்து விழும் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பது வழக்கம். அச்சொட்டுகளைப் பற்றிச் சென்ற ஆண்டு நான் அறிந்தவற்றை அன்பர்களுக்குத் தெரிவிக்க விழைகிறேன்.

என் அன்னையார் நீரிழிவு நோயுடையவர். காலில் தோன்றிய சிறு புண் சீழ்பிடித்துக் காய்ச்சலும் கண்டதால், நாகபுரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். காலை எடுக்க நேரிடலாம் என்று மருத்துவர் கூறியபோது என் மனைவி வாய்விட்டு அழுதாள். செஃப்ட்ரியாக்ஸோன், வான்கோமைசின் என்னும் இரு கிருமிக்கொல்லிகள் எழுதப்பட்டன. முதியவராதலின் நரம்பு கிடைப்பது அரிதாயிற்று. கையில் ஒரே ஊசி. அதிலும் ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புநீர் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது.

இரவுப் பணிக்கு வந்த செவிலியர் கேரளத்துப் பெண்மணி. அவர் முதலில் அந்நீரை நிறுத்தினார். சாதாரண சலைனைச் செலுத்திக் குழாயைக் கழுவினார். பிறகே செஃப்ட்ரியாக்ஸோனை அரைமணி நேரம் விட்டார். மீண்டும் சலைன். அதன்பின் வான்கோமைசின்; அது ஒரு கிராமுக்கு ஒரு மணி நேரமேனும் ஆகவேண்டுமாம்.

“இரண்டையும் ஒன்றாக விட்டால் அத்தை சீக்கிரம் உறங்குவார்களே?” என்றாள் என் மனைவி.

“வேண்டாம் சேச்சி, குழாய்க்குள்ளேயே பால்போல் திரிந்துவிடும்” என்றார் அவர்.

ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் உண்டு. அது செஃப்ட்ரியாக்ஸோனுடன் கூடினால் நுண்ணிய துகள்களாகப் படியும். அத்துகள்கள் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் தங்கிப் பச்சிளங்குழந்தைகள் இறந்ததை ஒட்டி, 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்தது. திரிவது கண்ணுக்குத் தெரிந்தாலாவது நிறுத்தலாம். பென்சிலின் இன மருந்தோடு ஜென்டாமைசினை ஒரே பாட்டிலில் கலந்தாலோ, நிறம் மாறாமலே ஜென்டாமைசினின் வீரியம் குன்றிவிடும். தனித்தனியே கொடுத்தால் அவ்விரண்டும் நல்ல கூட்டாளிகளே! ஒற்றை இருப்புப்பாதையில் முன்வண்டி அடுத்த நிலையம் சேராமல் பின்வண்டிக்கு லைன் கிளியர் கொடுப்பதில்லை. ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இது விளங்க நேரமாகவில்லை.

நம்மவரிடையே ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. செவிலியர் அப்பால் சென்றதும் குழாயின் சிறு சக்கரத்தைத் திருகிச் சொட்டை விரைவுபடுத்துவார்கள். அடுத்த கட்டிலில் ஒருவர் தம் தந்தைக்கு ஏறிக்கொண்டிருந்த வான்கோமைசினை அவ்வாறு முடுக்கிவிட்டார். பெரியவரின் முகமும் கழுத்தும் செக்கச் செவேலெனச் சிவந்து, அரிப்பெடுத்து, இரத்த அழுத்தமும் தாழ்ந்தது. செவிலியர் ஓடிவந்து நிறுத்தியதால் பிழைத்தார்.

அன்று முதல் எந்த மருந்து எப்போது தொடங்கிற்று, எப்போது முடிந்தது, இடையில் கழுவினார்களா என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தேன். மூன்றாம் நாள் காலை, பணி மாறும் அவசரத்தில், பயிற்சிபெறும் பெண் ஒருத்தி அடுத்த பாட்டிலை நேரே குழாயில் பொருத்த முற்பட்டாள். “சலைன் விட்டாயிற்றா, சிஸ்டர்?” என்று என் அரைகுறை இந்தியில் பணிவாகக் கேட்டேன். அவள் சினம் கொள்ளவில்லை. என் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, சலைன் ஊசியை எடுத்துவரச் சென்றாள்.

அன்னையாருக்கு ஒரு விரல் மட்டும் போயிற்று, பாதம் தப்பியது.