விதைநெல்லும் ஹார்ட் டிஸ்க்கும்

பத்து நாளா பதிவு எதுவும் போடல. லேப்டாப் 'டிக் டிக்'னு சத்தம் போட்டுக்கிட்டே இருந்தது, ஒருநாள் திரை கறுத்து நின்னுபோச்சு. ஹார்ட் டிஸ்க் காலி.

நானே பிரிச்சேன். அடியில இருந்த ஸ்க்ரூக்களைக் கழட்டி, பழைய 500 ஜிபி டிஸ்க்கை எடுத்துட்டு, அதே இடத்துல 240 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணை மாட்டினேன். தம்பி மகன் பென் டிரைவ்ல லினக்ஸ் மின்ட் ஏத்திக் கொடுத்தான். அதுக்குக் காசு கிடையாது. அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சது. முன்னெல்லாம் லேப்டாப்பைப் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கும். இப்போ உட்காரறதுக்குள்ள திறந்துடுது.

ஆனா பழைய டிஸ்க்குல ஆறு வருஷத்து வரவு செலவும், அப்பா கடைசியா பரம்படிச்ச அன்னைக்கு எடுத்த படங்களும் இருந்தன. வேற எங்கேயும் நகல் இல்லை. எதுவும் திரும்பக் கிடைக்கல.

அப்பா விதைநெல்லை ஒரே இடத்துல வைக்கவே மாட்டார். பாதி எங்க வீட்டுல, பாதி அத்தை வீட்டுல. "எலியும் மழையும் சொல்லிக்கிட்டா வரும்?" என்பார். பக்கத்துல நின்னு கேட்டவன்தான் நான்.

கணக்கு போனா போகட்டும், மறுபடி எழுதிக்கலாம். அந்தப் படங்களை எங்கே போய் எடுக்க?

உங்க வீட்டுப் படங்களை இன்னைக்கே இன்னொரு இடத்துலயும் போட்டு வைங்க.